தையல் மெஷின் மேல் இருந்த ஜாடி

காலை பதினொன்றரை மணிக்குச் செய்தி வந்தபோது கட்டிங் மாஸ்டரின் கத்தி ஒரு காலர் வளைவின் பாதியில் இருந்தது. மேஜையில் நீலத் துணி அடுக்கடுக்காக ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. மோட்டார் இரைச்சலுக்காகக் காதில் பஞ்சு வைத்திருந்ததால், சூப்பர்வைசர் அவர் தோளை இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது.

"மாஸ்டர், ஸ்கூல்ல இருந்து போன். உங்க டீச்சரம்மாவுக்கு உடம்பு முடியலயாம், ஆஸ்பத்திரிக்கு..." என்று ஆரம்பித்த சூப்பர்வைசருக்கு அந்தப் பொய்யைச் சொல்லி முடிக்க வரவில்லை. "போயிட்டாங்க மாஸ்டர்," என்றார்.

மாஸ்டர் தலையாட்டினார். பிறகு குனிந்து மீதி வளைவையும் வெட்டி முடித்தார். அதற்கப்புறம்தான் மோட்டாரை நிறுத்தினார், கம்பிக் கையுறையைக் கழற்றினார், காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

இதைப் பற்றித் தொழிற்சாலையில் பல நாள் பேச்சு நடந்தது. கல்மனசு என்றார்கள் சிலர். பாதியில் கத்தியை நிறுத்தினால் அடுக்கு முழுவதும் பாழ், மனுஷனுக்குத் தொழில் ரத்தத்தில் ஊறிவிட்டது என்றார்கள் வேறு சிலர். கத்தி ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தச் செய்தி தன் மேல் இன்னும் இறங்கவில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியிருந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் அவர் மனைவிக்கு ஜாடி டீச்சர் என்று பெயர். மேல்வகுப்புகளுக்கு உயிரியல் எடுத்தாள். மடியில் கண்ணாடி ஜாடியை வைத்துக்கொண்டு, வாயைத் துணியால் மூடி, பேருந்து ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி போவாள். கண்டக்டர் ஒருநாள், "என்ன டீச்சர், மீனா?" என்று கேட்டார்.

"மீனை விடப் பழைய ஆளுங்க," என்றாள் அவள்.

ஜாடிக்குள் பார்க்க ஒன்றுமில்லை. காய்ந்த புல்லை வேகவைத்து ஆறவிட்ட பழுப்புத் தண்ணீர். அடியில் நாலைந்து கோதுமை மணிகள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தண்ணீரில் வெள்ளைப் பொடி மிதப்பதுபோல் இருக்கும். அந்தப் பொடிதான் பாரமீசியம். ஒவ்வொரு துகளும் ஒரு முழு உயிர், ஒரே ஒரு செல். கல்லூரியில் படிக்கும்போது பின்பக்கக் குளத்திலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்து அவள் ஆரம்பித்த ஜாடி அது. சில வாரத்துக்கு ஒருமுறை பாதியைப் புதுப் புல்தண்ணீரில் ஊற்றுவாள். பழையது சோர்ந்துபோகும், புதியது பெருகும். விடுதி, வாடகை அறை, பிறகு இந்த வீடு என்று அவள் போன இடமெல்லாம் ஜாடியும் போனது.

"குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டிட்டாங்க," என்பாள். "அந்தக் குளம் இப்ப இங்கதான் இருக்கு."

அவள் மாஸ்டரைச் சந்தித்ததும் வேலை காரணமாகத்தான். அப்போது அவர் மாஸ்டர் இல்லை, வெறும் தையல்காரர். ஒரு அறைக் கடை. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, காஜா எடுப்பது, இஸ்திரி போடுவது, பெருக்குவது, பக்கத்திலேயே ஸ்டவ் வைத்துப் பொங்கித் தின்பது எல்லாம் அவர் ஒருவரே. ஆய்வகத்துக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டு, சொன்ன தேதிக்கு மூன்று தடவை வந்து வெறுங்கையோடு திரும்பியவள், நாலாம் தடவை சொன்னாள்: "நீங்க அமீபா மாதிரி."

அவருக்குச் சுருக்கென்றது. "லேட்டானதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கறேன். புழு பூச்சின்னெல்லாம் சொல்லாதீங்க."

"திட்டலங்க. அதுக்கு இருக்கிறது ஒரே செல்லு. சாப்பிடுறது, நகர்றது, மூச்சு விடுறது, கழிவை வெளிய தள்றது, பெருகுறது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். ஆள் வைக்காது."

"அப்ப கெட்டிக்கார ஜென்மம்தான்."

"ஆனா ஒரு அளவுக்கு மேல வளர முடியாது," என்று அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "கோட்டு எப்ப தருவீங்க?"

கோட்டில் இரண்டு பெரிய பைகள் வைக்கச் சொல்லியிருந்தாள். வலது பை சாக்குக்கட்டிக்கு, இடது பை சொட்டுக்குழாய்க்கும் சின்னப் பாட்டில்களுக்கும். கல்யாணத்துக்கு அப்புறமும் ஒவ்வொரு கோட்டும் கிழியக் கிழிய அதே அளவில் அவரேதான் தைத்துக் கொடுத்தார். இடது பைதான் எப்போதும் முதலில் பிய்யும்.

பெரிய தொழிற்சாலை வந்தபிறகு தெருத் தையல் கடைகளுக்கு ஆள் வருவது குறைந்தது. கடையை மூடிவிட்டு அவரும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காலர் தைக்கிறவருக்குக் காலர் மட்டும். கை தைக்கிறவருக்குக் கை மட்டும். ஒரு அம்மா வருஷக்கணக்காகப் பொத்தான் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தார். இவருக்கு வெட்டு.

"நாள் பூரா வெட்டுறேன். ஒரு முழுச் சட்டையைக் கண்ணால பாத்து மாசமாச்சு," என்று முதல் வருஷம் வீட்டில் புலம்பினார்.

"கண்ணுல இருக்கிற செல்லு என்னிக்காவது சாப்பாட்டை மென்னிருக்கா? அதுக்கு வேண்டியது ரத்தத்துல வந்து சேர்ந்துடுது. அது பாக்குற வேலைய மட்டும் பாக்குது. பல செல் உடம்புன்னா அப்படித்தான்."

"அப்ப நான் அந்த உடம்புல யாரு? கண்ணா?"

"பல்லு," என்றாள் அவள். "வெட்டுறவர்தானே."

அவரிடமிருந்து கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவாள். ஒரு காலர், இரண்டு கை, ஒரு முதுகு, நாலு பொத்தான். அவற்றை வகுப்பில் மேஜை மேல் பரப்பி, "இதுல எது சட்டை?" என்று கேட்பாளாம். எல்லாம் சேர்ந்ததுதான் சட்டை என்பார்களாம் பிள்ளைகள். எல்லாவற்றையும் ஒரு குவியலாக்கிவிட்டு, "சேர்ந்துடுச்சு. இப்ப போட்டுக்க," என்பாளாம். வகுப்பு சிரிக்கும். செல்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் மட்டும் உடம்பு ஆகிவிடாது, ஒன்றோடொன்று தைக்கப்பட்டு, ஒன்றின் வேலைக்கு இன்னொன்று காத்திருக்க வேண்டும் என்று அதிலிருந்து பாடம் நகரும். ஒரு பையன் மட்டும், "டீச்சர், பொத்தான் விழுந்தாலும் சட்டை சட்டைதானே?" என்று மடக்கினானாம்.

"நல்ல கேள்வி கேட்டான்ங்க," என்று அன்று சாயங்காலம் முகம் மலரச் சொன்னாள். "தோல்ல இருந்து தினமும்தான் செல்லு உதிருது, நீ நீயாத்தானே இருக்கன்னு சொன்னேன். ஆனா உதிர்ந்த பொத்தானுக்குத்தான் கதி இல்லை. அது தனியா எங்க போகும்?"

வீட்டிலும் மெல்ல மெல்ல வேலை பிரிந்துகொண்டது. அவள் சமைத்தாள், கேஸ் சிலிண்டருக்குச் சொன்னாள், மின்சார ஆபீசுக்குப் போனாள், அவருக்கு எந்த மாத்திரை எப்போது என்று நினைவு வைத்தாள். அவர் துணி துவைத்தார், பல்பு மாற்றினார், கடைக்குப் போய் அவள் சொன்னதை வாங்கி வந்தார். ஒரு காலத்தில் ஸ்டவ்வில் தனக்குத் தானே பொங்கித் தின்ற மனிதருக்குத் தன் வீட்டுச் சமையலறையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை ஒருநாளும் வரவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நடந்த நடையும் ஒரு கட்டத்தில் ஓய்ந்தது. அப்புறம் அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. ஜாடியைப் பாதியாகப் பிரித்து ஊற்றும்போது மட்டும் அவள் எப்போதாவது சொல்வாள்: "பாருங்க, இதுங்களுக்கு மட்டும் எவ்வளவு சுலபம். நடுவுல இடுப்பு சுருங்கும், ரெண்டாயிடும்."

"அதுல எது அம்மா, எது பிள்ளை?"

"ரெண்டும் இல்ல. அம்மா காணாமப் போயிடுவா, ஆனா சாகல. பொணமே கிடையாது."

"கொடுத்து வச்சதுங்க."

"அப்படியும் சொல்ல முடியாதுங்க. வெறுமனே பிரிஞ்சுக்கிட்டே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா சோர்ந்துடும். அப்பப்ப இன்னொண்ணு பக்கத்துல வந்து ஒட்டி, உள்ள இருக்கிறதுல கொஞ்சம் மாத்திக்கணும். அப்பத்தான் திரும்பத் தெம்பு வரும். ஒரே செல்லுன்னாலும் ஒண்டியாவே காலம் தள்ள முடியாது."

இன்னொரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாணவி ஒருத்தி கேட்ட சந்தேகம் என்று ஆரம்பித்தாள். ஆள் செத்துப்போனால் எல்லா செல்லும் அந்த நிமிஷமே செத்துவிடுமா?

"சாகாது. மூளைதான் முதல்ல. தோலுக்கெல்லாம் சேதி லேட்டாத்தான் போகும். அது பாட்டுக்குப் பல மணி நேரம் தன் வேலையைப் பாத்துக்கிட்டிருக்கும், பாவம்."

"சோறு திங்கும்போது பேசுற பேச்சா இது?" என்று அவர் அதட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கிடத்தியிருந்த அறையில் அந்தப் பேச்சுத்தான் அவருக்கு நினைவு வந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, ஆய்வகத்திலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் வலது கையை எடுத்து வைத்துக்கொண்டார். விரல் நுனியில் அயோடின் கறை மஞ்சளாக இருந்தது. இந்தத் தோலுக்கு இன்னும் சேதி போயிருக்காது என்று நினைத்தார். காகிதங்களில் கையெழுத்துக் கேட்டு நர்ஸ் வந்தபோது இடது கையால் கிறுக்கிக் கொடுத்தார். "சார், கொஞ்சம் எழுந்திரிங்க," என்று இரண்டு பேர் சொல்லிப் பார்த்தார்கள். வெளிச்சம் மங்கும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின் அவருடைய அக்கா மட்டும் தங்கினாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். தம்பியைச் சாப்பிட வைத்தாள். அவர் உப்பு டப்பாவைத் தேடி நிற்பதைப் பார்த்து, "நல்லா வச்சிருந்தா உன்னை, ராஜா மாதிரி. இப்ப பாரு," என்று சொல்லி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவருடைய பழைய தையல் மெஷின் ஜன்னலோரம் கிடந்தது. வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிற இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்பதால், அதன் மேல் பலகை போட்டு ஜாடியை வைத்திருந்தாள் டீச்சர். அதனால் மாதக்கணக்காக ஒரு வம்பும் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டின் இடது பை பிய்ந்திருந்தது. செய்தி வந்த நாளன்று காலையிலும் அவள் கோட்டைக் கொண்டுவந்து, அவர் கண்ணில் படட்டும் என்று மெஷின் மேலேயே தொங்கவிட்டாள்.

"மாஸ்டர், இன்னிக்காவது இதைத் தச்சுக் கொடுங்க."

"ஜாடிய எடு. தச்சுத் தர்றேன்."

"பரீட்சை வரைக்கும் அதை இடம் மாத்தக் கூடாது. வேற எங்க வச்சாலும் சோர்ந்துடும்."

"அப்ப பையும் பரீட்சை முடிஞ்சுதான்."

"ஊருக்கே சட்டை வெட்டுறவர் பொண்டாட்டி கந்தலோட போறேன்," என்றவள், "போகட்டும், இன்னிக்கு ஒரு நாள் கோட்டு இல்லாமச் சமாளிச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இப்போது அவள் இல்லாத வீட்டில் மாஸ்டர் காலையில் எழுந்ததும் முதலில் போய் நின்றது ஜாடி முன்னால்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளைப் பொடி மெதுவாக ஏறி இறங்கியது. இவ்வளவு வருஷம் அதை அவர் பொருட்படுத்தியதில்லை. ஒருதரம் அவள் வற்புறுத்தி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, "முடி முடியா இருக்கு," என்றார். "அது உங்க கண் இமைங்க," என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் இப்போது அந்த வீட்டில் அவள் கைபட்டு இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். புல்லை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும், குழாய்த் தண்ணீரை எத்தனை நாள் திறந்து வைத்து மருந்து வாடை போகவிட வேண்டும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்து அவருக்கும் பாதி தெரியும். பள்ளியில் பரீட்சைக்கு வேறு இது வேண்டும். அடுத்த வாரம் தானே பிரித்து ஊற்றிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். வேறெதையும் அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

அன்று இறப்புச் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது பினாயில் வாசனை அடித்தது. தரை ஈரமாக இருந்தது. தையல் மெஷின் துடைத்துப் பளபளவென்று நின்றது. ஜாடி சமையலறை மேடையில் கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இதுல இருந்தது?"

"அதுவா? நாத்தம் குடலைப் புரட்டுச்சுடா. கொசு முட்டை போடும். கொட்டிட்டு நல்லா வெந்நி ஊத்திக் கழுவி வச்சேன். கண்ணாடி நல்ல கண்ணாடி, பருப்பு போட்டு வைக்கலாம்." அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னடா? மெஷினும் ஃப்ரீயாச்சு, அந்தக் கோட்டுப் பை பிஞ்சிருக்கேன்னுதான்... என்னடா தம்பி?"

மாஸ்டர் ஜாடியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா," என்றார்.

கோபம் வரவில்லை. யார் மீது வருவது? வாசற்படியில் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தது: ஒரே பாட்டிலை நம்பக் கூடாது. கை தவறினால் போச்சு. எங்காவது இன்னொரு பாதி இருக்க வேண்டும். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து ஏறினார்.

ஆய்வகத்தில் கெமிஸ்ட்ரி சார் இருந்தார். டீச்சரைச் சீண்டி விளையாடுவதில் பேர்போனவர். "என் அமிலத்துல ஒரு சொட்டு போதும் மேடம், உங்க மொத்தக் குடும்பமும் காலி," என்று மிரட்டிக்கொண்டே, டீச்சர் லீவு போடும் நாட்களில் ஆய்வகத்துப் பாட்டிலுக்குக் காவல் இருப்பவரும் அவர்தான். மாஸ்டரைக் கண்டதும் எழுந்து நின்றார், என்ன பேசுவது என்று தெரியாமல் நாற்காலியைத் துடைத்தார்.

"சார், அவ இங்க ஒரு பாட்டில் வச்சிருப்பாளே."

கெமிஸ்ட்ரி சார் அவரை ஜன்னலோரத்து மேஜைக்குக் கூட்டிப்போனார். அங்கே மூடியில்லாமல் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. அடியில் பழுப்பாக ஒரு வளையம் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அன்னிக்கு செய்முறை வகுப்பு மாஸ்டர். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவங்களே சொட்டு வச்சுக் கொடுத்தாங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் வரணும்னு பாட்டிலையே காலி பண்ணிட்டாங்க. இருக்கட்டும், நாளைக்கு வீட்ல இருந்து கொண்டு வந்துடறேன்னு சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்தாங்க." அவர் பாட்டிலைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தார். "அப்புறம் ரூமைப் பூட்டிட்டோம். மூடி போடணும்னு யாருக்கும் தோணல. அடியில கொஞ்சம் இருந்திருக்கும், இந்த வெயிலுக்கு... வீட்ல ஜாடி இருக்குமேன்னு நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்."

மாஸ்டர் வீட்டு ஜாடியைப் பற்றிச் சொன்னார். யார் கொட்டியது என்று சொல்லவில்லை.

"மனசை விடாதீங்க. பாரமீசியம்தானே, எந்தக் குட்டையில எடுத்தாலும் கிடைக்கும். புல்லு போட்டு நானே வளத்துடறேன். பரீட்சைக்கு அது போதும்."

"போதும் சார். பரீட்சைக்கு அது போதும்."

கெமிஸ்ட்ரி சார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஏதாவது செய்ய வேண்டுமே என்பதுபோல் அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துத் திருகினார். "இது மேடமே சாயம் ஏத்திப் பண்ணினது. உங்க ஜாடியில எடுத்ததுதான். பாருங்க."

இந்தத் தடவை மாஸ்டர் கண்ணைச் சரியாக வைத்தார். வட்ட வெளிச்சத்தின் நடுவில், செருப்பின் அடிப்பாகம்போல் நீளமாக ஒன்று, இளஞ்சிவப்பாக. இடுப்பு சுருங்கி, இன்னும் ஒரு நூல் அளவுதான் ஒட்டியிருந்தது. இரண்டாகப் பிரியப் போகிற நேரத்தில் சாயத்தை ஊற்றிவிட்டிருக்கிறாள். அது அசையவில்லை. பிரிந்தும் போகவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க மாஸ்டர்."

"வேண்டாம் சார். பிள்ளைங்க பாக்கட்டும்."

அக்கா வார முடிவில் ஊருக்குக் கிளம்பினாள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். "என்கூட வந்துடேன்டா," என்று வாசலில் நின்று மறுபடி கேட்டாள். "வேலை இருக்குக்கா," என்றார். ஜாடியில் என்ன இருந்தது என்று அவளிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். பட்டையை இழுத்துப் பார்த்தார். தளர்ந்திருந்தாலும் ஓடியது. வெள்ளை நூலை முதல் தடவையிலேயே ஊசியில் கோத்துவிட்டார். கை எதையும் மறந்திருக்கவில்லை. கோட்டை விரித்தார். இடது பையின் பிரிந்த நூல்களில் ஒரு சொட்டுக்குழாய் சிக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உதறிப் பார்த்தார். உள்ளே உலர்ந்திருந்தது. பையை அதன் இடத்தில் வைத்து நீவி, ஊசியை இறக்கி, மிதியில் காலை வைத்தார்.

பிரிந்த இரண்டு பக்கமும் ஓட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஓட்டிவிட்டால் அவள் அவரிடம் கேட்டது எதுவும் பாக்கி இருக்காது.

அவர் காலை எடுத்தார். ஊசியைத் தூக்கிவிட்டு, கோட்டை மெஷின் மேலேயே தொங்கவிட்டார்.

மறுவாரம் வேலைக்குப் போனார். அவர் வெட்டிய நீலக் காலர்கள் சட்டைகளாகிவிட்டன, எங்கோ பிள்ளைகள் அவற்றைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். இப்போது தானே சமைத்துச் சாப்பிடுகிறார். உப்பு சில நாள் கூடும், சில நாள் குறையும். ஜன்னலோரம் மெஷினில் வெள்ளை நூல் கோத்தபடியே இருக்கிறது. கோட்டின் இடது பை இரண்டு பக்கம் பிரிந்து, ஒரு பக்கத்துத் தையலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.